துட்டிக்கு நிற்கும் காத்தாடி

பொட்டல்குறிச்சிக்கு மேற்கே, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குனிந்து வருகிற காற்று நிமிர்ந்து முதுகை நீட்டுகிற இடத்தில், ஒரு காத்தாடி நிற்கிறது. கம்பெனிக்காரர்கள் அதைக் காற்றாலை என்று எழுதிவைத்திருக்கிறார்கள், ஊருக்கு அது காத்தாடி. ஊரில் யார் செத்தாலும் அந்தக் காத்தாடி துட்டிக்கு, துக்கம் காக்கிற மாதிரி, நின்றுவிடும். பாடை கடைசி வீட்டைத் தாண்டிய பிறகுதான் மறுபடி சுற்றும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, சொன்னவர் முகத்தை ஒருமாதிரி பார்ப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. சாவு விழுந்த தெருவில் அடுப்பு எரியாது, டீக்கடை திறக்காது, கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் புறப்பட்டவர்கள் பையோடு திரும்பிவிடுவார்கள், காத்தாடி சுற்றாது, அவ்வளவுதான்.

முதலில் அதை யாருக்கும் பிடிக்கவில்லை. இறக்கைகளை ஏற்றிய நீள லாரி ஊருக்குள் திரும்ப முடியாமல் திரும்பியபோது ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. காத்தாடி வந்தால் மழை மேகத்தை வந்த வழியே மலையாளத்துக்கு விரட்டிவிடும் என்றார்கள், ஆடு குட்டி போடாது, கோழி தோல்முட்டை இடும், விடிய விடிய உர்ரென்று கேட்டுப் பிள்ளைகளுக்குக் காது மந்தமாகும் என்றார்கள், கரண்டு எல்லாம் கம்பியேறி எங்கேயோ இருக்கிற பெரிய ஊருக்குப் போகும், நமக்குச் சாயங்காலம் போகிற கரண்டு போய்க்கொண்டேதான் இருக்கும் என்றார்கள். கடைசியாகச் சொன்னது மட்டும் அப்படியே நடந்தது.

எல்லாரையும்விட உச்சிமாகாளி என்ற பெரியவர்தான் மனுமேல் மனு கொடுத்து எதிர்த்தார், அவருக்கு அடுத்தபடி ஆவுடையம்மாள். ஆவுடைக்கு ஆடுகள்தான் பிழைப்பு. அவள் லாரிக்கு முன்னால் உட்காரவில்லை, படுத்தாள். அவள் புருசன் குத்தாலிங்கம் அதே லாரிக்குப் பின்னால் கிரேன்காரர்களோடு பீடி குடித்துக்கொண்டு, அவ்வளவு பெரிய இறக்கையை எப்படி மேலே தூக்குவார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

“பொண்டாட்டி ரோட்டுல கெடக்கா, நீரு அங்க நின்னு கத கேக்கீரு” என்றாள் ஆவுடை வீட்டுக்கு வந்து.

“நீ படுத்தா லாரி நிக்கும், காத்து நிக்குமா?” என்றான் அவன்.

அவன் அடித்தளத்துக் குழி வெட்டப் போனான், அப்புறம் கிரேனுக்குக் கயிறு பிடிக்கப் போனான், காத்தாடி எழுந்து நின்றதும் கிரேன் அடுத்த ஊருக்குப் போனது, அவனும் போனான். பையைத் தூக்கும்போது “போறேன்” என்று சொன்னான், “போய்ட்டு வாறேன்” என்று சொல்லவில்லை. அது ஆவுடைக்கு அப்போதே சுருக்கென்றது. கொஞ்ச நாள் போன் வந்தது, குஜராத்தில் கடற்கரையோரம் காத்தாடி நடுகிறோம், மணல் உள்ளே வாங்குகிறது என்று சொன்னான். அப்புறம் போன் வரவில்லை. அவள் ஆடு மேய்க்கப் போகும்போதெல்லாம் காத்தாடியைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றுவாள், காற்று அந்த மண்ணை அவள் மேலேயே கொண்டுவந்து போடும்.

காத்தாடி முதன்முதலாக நின்றது உச்சிமாகாளி செத்த அன்றைக்கு. ஆடி மாதம், ஓடு பறக்கிற காற்று, புளியமரம் ஒருபக்கமாகவே சாய்ந்து தலை வாருகிற காற்று. அவர் மூச்சு அடங்கினதும் காத்தாடி மெல்ல மெல்ல இளைத்து, மூன்று இறக்கையையும் அப்படியே வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்து, கோடித்துணி போட்டு, பாடை கிளம்பி, கடைசி வீடான தையல்காரர் வீட்டைத் தாண்டியதும் அது ஒரு பெருமூச்சு விட்டதுபோலச் சுற்றத் தொடங்கியதைத்தான் கவனித்தார்கள். பாடைக்குப் பின்னால் போன ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எதுத்து மனு கொடுத்த மனுசன்வே. அவருக்கும் நின்னிருக்கு பாரும்” என்றார் ஒருவர்.

“நம்மள்லயே எத்தன பேரு அவரு துட்டிக்கு வரல” என்றார் இன்னொருவர்.

அதற்கு அப்புறம் காத்தாடியை வைது பேசுவது குறைந்தது. சாவுக்கு வந்தவனை யார் வைவார்கள்.

பிறகு ஒவ்வொரு சாவுக்கும் நின்றது. கம்பெனியிலிருந்து கோயம்புத்தூர் இஞ்சினியர் ஒருவர் வந்து மேலே ஏறி, எண்ணெய் பார்த்து, வயர் பார்த்து, கீழே இறங்கி, ஒரு கோளாறும் இல்லையே என்றார். ஊர்க்காரர்கள் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னார்கள். அவர் இளநீரைக் குடித்துவிட்டு, இதை நான் மேலே எப்படி எழுதுவேன் என்று கேட்டார். “துட்டின்னு எழுதுங்க சார்” என்றார்கள். அவர் காற்றுக் குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். அவர் எழுதும்போது தொப்பி பறந்துபோய்க் கருவேலத்தில் மாட்டிக்கொண்டது.

காத்தாடி ஊருக்கு என்ன முறை என்பதில்தான் பெரிய பேச்சு நடந்தது. தீட்டுக் காக்கிறதால் அது பங்காளி என்று ஒரு கட்சி. கோடி கொண்டுவராமல் சும்மா நிற்கிறதால் மாமன் முறை இருக்க முடியாது என்றும் அதே கட்சி சொன்னது. மேலத்தெருக்காரர்களுக்கு இன்னொரு மனத்தாங்கல்: அது கீழத்தெருச் சாவுக்கும் இதே மாதிரி, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் நின்றது. “அதுக்கு முறை தெரியல, வெளியூர்லருந்து வந்ததுதான” என்று கொஞ்ச நாள் அதை உறவில் சேர்க்காமல் வைத்திருந்தார்கள். ஆனால் நாளைக்குத் தங்கள் வீட்டில் ஒன்று விழுந்து, அன்றைக்கு அது நிற்காமல் போய்விட்டால் எவ்வளவு கேவலம் என்று யோசித்துப் பார்த்து, அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். ஆயுதபூசைக்கு அதன் காலில் சந்தனம் தடவப் போகிறபோது இரண்டு தெருக்காரர்களும் ஒரே நேரத்தில் போய்விடாதபடி மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஒருநாள் காத்தாடி காலையிலேயே நின்றது, ஊரில் யாரும் சாகவில்லை. எல்லாரும் தெருவில் இறங்கி ஒருவர் வாசலை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, மத்தியானம் பம்பாயிலிருந்து போன் வந்தது. முறுக்குக்கடையில் வேலை பார்த்த தையல்காரர் மகன் ரயிலில் அடிபட்டுச் செத்துவிட்டான். அன்றையிலிருந்து, வெளியூரில் ஆள் இருக்கிற பெண்கள் எழுந்ததும் முதலில் பார்ப்பது காத்தாடியைத்தான். வாசல் தெளிக்கிற செம்பைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே பார்ப்பார்கள், சுற்றுகிறது, சரி, தெளிப்பார்கள்.

ஆவுடையும் பார்த்தாள். மண் தூற்றிய கைதான், ஆனாலும் பார்த்தாள். அது சுற்றினால் குத்தாலிங்கம் எங்கேயோ ஒரு கம்பத்தின் அடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று அர்த்தம். அவனிடமிருந்து அவளுக்கு வருகிற சேதி அது ஒன்றுதான். காற்று குறைந்த கார்த்திகை மார்கழியில் அது சோம்பலாகத் திரும்பும்போது அவளுக்குச் சோறு இறங்காது; நிற்கிறதா, மெதுவாகச் சுற்றுகிறதா என்று ஆட்டை விட்டுவிட்டு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்ப்பாள். “சுத்து, சுத்து, நின்னுராத” என்று முணுமுணுப்பாள்.

இவளைப்போலவே தவறாமல் பார்க்கிற இன்னொருவர் சொரிமுத்துப் பெரியவர். நடமாட்டம் குறைந்த மனிதர். மகன் முப்புடாதி வீட்டு முற்றத்தில் கயிற்றுக்கட்டிலை மேற்கே பார்த்துப் போட்டுப் படுத்திருப்பார். விடிந்ததும் கண்ணைத் திறந்து காத்தாடியைப் பார்த்து, “சுத்துது. அப்ப நான் இருக்கேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் காப்பி கேட்பார். தெருவில் போகிறவர்கள் “இருக்கீரா பெரியாளு?” என்று கேட்பார்கள், “இருக்கேன்வே, மேல பாரும்” என்பார்.

முப்புடாதியின் மகள் சுபிதாதான் ஆவுடைக்கு போன் போட்டுக் கொடுப்பாள். சாயங்காலம் ஆடு அடைத்துவிட்டு ஆவுடை வந்து நின்றால் போதும், அந்தப் பிள்ளை கேட்காமலே குத்தாலிங்கம் நம்பரைப் போட்டுக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “லைன் பிஸியா இருக்கு அத்தை, நாளைக்குப் போடுவோம்” என்பாள். அந்த நம்பர் இல்லாமல் போய் ரொம்ப நாளாகிவிட்டது என்று ஆவுடைக்குத் தெரியும். தெரியும் என்பது சுபிதாவுக்கும் தெரியும்.

இந்த நிலையில் கம்பெனிக்கு இன்னொரு காத்தாடி நட இடம் தேவைப்பட்டது. அவர்களுக்குப் பிடித்த இடம் குத்தாலிங்கத்துக்கும் அவன் அண்ணன் சிவனைந்தானுக்கும் பொதுவில் கிடந்த கரிசல். தம்பி கையெழுத்து இல்லாமல் கொடுக்க முடியாது. தம்பி செத்துவிட்டான் என்றால் கொடுக்கலாம். கம்பெனிக்காரர்கள் அளந்து அடித்துவிட்டுப் போன முளைக்கம்பில் ஆவுடை ஆட்டைக் கட்டிப்போட்டிருந்தாள்.

“ஒரு தகவலும் இல்ல ஆவுடை. நாமளும் எத்தன நாளைக்குப் பாக்கது? செய்ய வேண்டியதச் செஞ்சிருவோம், அவன் ஆத்மாவும் அலையாது” என்பார் சிவனைந்தான் வந்து.

 ஆவுடை மேற்கே கையைக் காட்டுவாள். சுற்றிக்கொண்டிருக்கும். சிவனைந்தானும் பார்ப்பார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார். ஊரே ஒப்புக்கொண்ட சாட்சி, அவர் மட்டும் என்ன பேச முடியும்.

ஆவணியில் சுபிதாவுக்குக் கல்யாணம் வந்தது. அதற்கு முன்னால் பேசிய இடம் ஒன்று பத்திரிகை அடித்த பிறகு முறிந்துபோனதால், இந்த இடத்தை முப்புடாதி கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தாங்கிக்கொண்டிருந்தார். சிவகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன்களில் வந்து முந்தின நாளே பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டார்கள்.

விடிந்தது. முகூர்த்தத்துக்குத் தலைமுழுகின பெண்கள் ஈரத்தலையோடு வாசலுக்கு வந்து மேற்கே பார்த்தார்கள். காத்தாடி நின்றிருந்தது. பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டது, வாழைக்குலை ஆடியது, காத்தாடி ஆடவில்லை. செம்பைக் கீழே வைத்தார்கள். அப்புறம் ஒவ்வொருவரும் தங்கள் ஆளுக்கு போன் போட்டார்கள். பம்பாய், திருப்பூர், துபாய், எல்லா இடத்திலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து, இருக்கிறேன் என்று சொன்னார்கள். எல்லாரும் இருந்தார்கள். எல்லாரும் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எல்லாரும் ஆவுடை வீட்டைப் பார்த்துத் திரும்பினார்கள்.

சிவனைந்தான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்தார். உண்மையாகவே அழுதார். “தம்பி போயிட்டானே” என்று முற்றத்தில் உட்கார்ந்தார்.

“இருங்க அத்தான். அதுக்குள்ள உக்காராதீங்க, நான் போய்ப் பாத்துட்டு வாறேன்” என்றாள் ஆவுடை.

“எங்க போய்ப் பாப்ப? குஜராத்துக்கா?”

“ஊருக்குள்ளதான்.”

அவள் கொண்டையை முடிந்துகொண்டு செத்தவரைத் தேடிப் புறப்பட்டாள். கீழத்தெருவில் ஆரம்பித்தாள். வாசலில் நின்று, “எல்லாரும் எந்திச்சாச்சா?” என்று கேட்டாள். எந்திச்சாச்சு என்றால் போதாது, ஆளை வரச் சொல்லிப் பார்த்தாள். ஆஸ்துமாக்காரரை இருமச் சொன்னாள். பாயில் கிடந்த தையல்காரர் பெண்டாட்டியின் கால் பெருவிரலைக் கிள்ளினாள், அவள் வைததும், “சரி, படுத்துக்கோங்க மைனி” என்று போர்த்திவிட்டு வெளியே வந்தாள். யாரும் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. தன் வீட்டில் விழுந்ததை அடுத்த வீட்டில் விழுந்ததாக்கப் பார்க்கிறாள், பாவம், யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள் என்று வழிவிட்டார்கள். ஊர் முழுக்க உயிரோடு இருந்தது. அவளுக்கு அவ்வளவு பேர் உயிரோடு இருந்தது ஆத்திரமாக வந்தது.

கல்யாண வீடு மட்டும் மிச்சம். இந்த நேரத்தில் அவள் அங்கே முன்வாசல் வழியாகப் போகக்கூடாது. பின்பக்கமாகப் போனாள். பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, சமையல்காரர்கள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் எட்டிப் பார்த்தாள். சொரிமுத்துப் பெரியவரின் கயிற்றுக்கட்டில் சுவரில் செங்குத்தாகச் சாத்தி வைத்திருந்தது. பின்னறைக் கதவு பூட்டியிருந்தது, உள்ளே மின்விசிறி முழு வேகத்தில் ஓடுகிற சத்தம், சந்துவழியாக ஊதுபத்தி வாசனை. கதவுக்கு முன்னால் பட்டுவேட்டியும் திருநீறு பூசாத வெறும் முகமுமாக முப்புடாதி நின்றார்.

“பெரியாளு எங்க அண்ணாச்சி?”

“உள்ள தூங்குதாரு.”

“விடிஞ்சா காத்தாடியப் பாக்காம இருக்க மாட்டாரே.”

 முப்புடாதி சாவியை இடுப்பில் தொட்டுப் பார்த்துக்கொண்டதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. ஆவுடைக்கு அப்போது வந்தது சந்தோசம்தான். அம்மிக்கல் மேல் உட்கார்ந்துவிட்டாள். இருக்கிறான். எங்கேயோ இருக்கிறான்.

“கோழி கூப்புடுததுக்கு முந்தி தாயி” என்றார் முப்புடாதி தணிந்த குரலில். “காப்பி கொண்டுபோனேன், உசுரு இல்ல. வீட்டுல அவளுக்குக்கூட இன்னும் சொல்லல. சிவகிரிக்காரங்க காதுல விழுந்தா வேன எடுத்துட்டுப் போயிருவாங்க. ஒருக்க நின்னுபோன புள்ள. இதுவும் நின்னா அவ்வளவுதான். முகூர்த்தம் முடியந்தட்டியும் வாயத் தொறக்காத.”

“அதுவரைக்கும்?”

அவர் பூட்டை ஒருதடவை இழுத்துப் பார்த்தார்.

“அதுவரைக்கும் என்னைய எல்லாரும் தாலியறுத்தவள்னு சொல்லணும். அப்படித்தான?”

“ஒரு நாழிதான தாயி.”

மேளம் தொடங்கியது. சன்னல் வழியாகத் தெரிந்தது, சுபிதா தலைநிறையப் பூவோடு, குனிந்தால் விழுந்துவிடும் என்று நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். ஆவுடையைப் பார்த்துவிட்டாள். பார்த்த வேகத்தில் கண்ணாலேயே, என்ன அத்தை, மாமா சேதியா, என்று கேட்டாள். இந்த நேரத்திலும் கேட்டாள். ஆவுடை இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் பின்பக்கமாகவே வெளியே வந்தாள்.

வீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். அவள் நடுவில் போய் உட்கார்ந்தாள். கல்யாண வீட்டுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதால் அடக்கமாக அழுதார்கள். பக்கத்து வீட்டு மாடத்தி தலைமை ஏற்று, “ஏறெடுத்துப் பேசாத மனுசன், என் ராசா, எதுத்து ஒரு சொல்லு சொல்லாத மனுசன்” என்று ராகம் இழுத்தாள்.

“எதுத்துப் பேசுவாரு” என்றாள் ஆவுடை.

மாடத்தி ஒரு நிமிசம் யோசித்து, “கோவக்காரரு, ஆனா கொணம் உள்ளவரு” என்று மாற்றிக்கொண்டாள்.

அந்த வேளையில் கல்யாண வீட்டில் கெட்டிமேளம் கொட்டியது. பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். எல்லாரும் வலக்கையை உயர்த்தி, அரிசி இல்லாத விரல்களால் அரிசி போட்டார்கள், ஆவுடையும் போட்டாள். “நல்லா இருக்கட்டும் பிள்ள” என்றார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து அழுதார்கள்.

கடைசிப் பந்தி எழுந்து இலை எடுக்கிறபோது முப்புடாதி கூடத்துக்கு வந்து, அப்பா இப்போதுதான், பாயசம் கேட்டார், கொண்டுபோவதற்குள் போய்விட்டார் என்றார். சிவகிரிக்காரர்கள், பேத்தி கல்யாணத்தைப் பார்த்துவிட்டுப் போன புண்ணியவான் என்று கையைக் கூப்பினார்கள். ஊர்க்காரர்கள் மேற்கே பார்த்தார்கள். காலையிலிருந்து நின்ற காத்தாடி நின்றபடி இருந்தது. அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எல்லார் கையிலும் சாம்பார் மணத்தது.

“ஏன் இது நிக்கு?” என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

“ரிப்பேரு” என்றார் டீக்கடைக்காரர்.

“ஆமா, அடிக்கடி இப்படித்தான்” என்றார் தையல்காரர்.

“மெஷின்தான” என்றார்கள் மற்றவர்கள்.

சாயங்காலம் பெரியவரின் பாடை கடைசி வீட்டைத் தாண்டியது, காத்தாடி சுற்றத் தொடங்கியது. “ரிப்பேர் சரியாயிட்டு போல” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. “ஆமா” என்றார்கள். ஆவுடை வீட்டிலிருந்து பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, அவளைக் கட்டிப்பிடிக்கவும் இல்லாமல் சொல்லிக்கொள்ளவும் இல்லாமல், முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனார்கள்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சொன்ன வார்த்தையை ஊர் காப்பாற்ற வேண்டியிருந்தது. சுபிதாவைப் பார்க்கச் சிவகிரியிலிருந்து ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். தீட்டோடு கட்டின தாலி என்று ஒரு பேச்சு எழுந்துவிடக்கூடாது. ஆகவே காத்தாடி என்றால் மெஷின், மெஷின் என்றால் ரிப்பேர் ஆகும், அது நிற்பதற்கும் ஊரில் நடப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டீக்கடையில் பேசினார்கள், ரேஷன்கடையில் பேசினார்கள், சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். இஞ்சினியர் வந்தபோது, நீங்க சொன்னதுதான் சரி சார், காத்துக் கொறவுதான் என்றார்கள். இஞ்சினியர் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது.

சிவனைந்தான் வந்தார்.

“அது மெஷின்னு ஊரே சொல்லுது ஆவுடை. சாவு இல்லாத நேரத்துல அது நிக்கும்னா, சாவு விழுந்த நேரத்துல நிக்காமயும் போகும்லா. தம்பிக்கு நிக்காம விட்டிருக்கும்.”

ஆவுடை மேற்கே கையைக் காட்டத் தூக்கினாள், தூக்கின கை பாதியில் நின்றது. சொல்லலாம். காலையில் நின்றது பெரியவருக்கு, காத்தாடி ஒருநாளும் தப்பியதில்லை என்று சொல்லலாம். சொன்னால் அவள் புருசன் உயிரோடு இருப்பான், சுபிதாவின் கல்யாணம் சாவுத்தீட்டில் நடந்த கல்யாணமாகும். தெருமுனையில் சுபிதா, தாத்தா காரியம் கழிந்து, மறுவீட்டுக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தாள். புதுச்சேலை தடுக்க, காரிலிருந்து காலை வைக்கத் தெரியாமல் வைத்துக்கொண்டு, புருசனைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஆமா, மெஷின்தான்” என்றாள் ஆவுடை. “உங்க இஷ்டம்போலச் செய்ங்க அத்தான்.”

உடம்பு கிடைக்காதவர்களுக்கு வாழைத்தண்டை ஆள் உயரத்துக்கு வெட்டி, வேட்டி கட்டி, பாடையில் வைத்துக் கொண்டுபோவது அந்த ஊர் வழக்கம். நாள் பார்த்தார்கள். குத்தாலிங்கத்தின் உயரம் என்ன என்று ஆவுடையைத்தான் கேட்டார்கள். நிலைக்கதவில் அவன் தலை இடிக்கிற இடத்தைக் காட்டினாள். பெட்டியிலிருந்து, அவன் கோயில்கொடைக்குக் கட்டுகிற சரிகைவேட்டியை எடுத்துக் கொடுத்தாள். இருப்பதில் நல்லது அது ஒன்றுதான். கட்டி முடித்ததும் வாழைத்தண்டு அவனைவிட அமைதியாக இருந்தது. முப்புடாதி ஒரு மூலையைத் தூக்கினார், சிவனைந்தான் ஒரு மூலை, தையல்காரர் ஒன்று, டீக்கடைக்காரர் ஒன்று. சங்கு ஊதினார்கள். கிளம்பிப் போனார்கள். ஆண்கள் எரித்துவிட்டுக் குளித்துத் திரும்பியதும் தாலியைக் கழற்றி வாங்குவதற்காகப் பெண்கள் ஒரு செம்பில் பாலை ஊற்றி வைத்து, ஆவுடையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவள் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், செம்பில் விழுந்த எறும்பை ஒரு குச்சியால் எடுத்துவிட்டாள்.

பாடை தெருவழியாகப் போனது. சங்கு ஊதியும் காத்தாடி நிற்கவில்லை. தினமும் எப்படிச் சுற்றுமோ அப்படியே சுற்றியது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதன் நிழல் ரோட்டில் விழுந்து, பாடையைக் கடந்து, தூக்கியவர்கள் முகத்தைக் கடந்து, திரும்ப வந்து கடந்தது. ஒருவரும் மேலே பார்க்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்து நடந்தார்கள். தரையில் அந்த நிழல்தான் ஓடியது. உச்சிமாகாளிக்கு நின்றது இது, கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் நின்றது இது, பம்பாயில் ரயிலடியில் போன பிள்ளைக்குப் போன் வருவதற்கு முன்னால் நின்றது இது. துட்டி தெரிந்த காத்தாடி, துட்டி இல்லாத இடத்தில் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

தையல்காரர் வீட்டுக்கிட்ட வந்ததும் முப்புடாதி தன் மூலையைக் கீழே இறக்கினார்.

“என்னவே?” என்றார் சிவனைந்தான்.

“தோள் பிடிச்சிக்கிட்டு.”

“கொஞ்ச தூரந்தான, தூக்கும்.”

“தூக்க முடியல” என்றார் முப்புடாதி. அவர் கண் கலங்கியிருந்தது, தூசி என்று துடைத்தார்.

தையல்காரர், மகன் நினைவு வந்ததோ என்னவோ, தன் மூலையை இறக்கிவிட்டு வீட்டுக்குள் போனார், வீடு பக்கத்தில்தான். டீக்கடைக்காரர், பால் அடுப்பில் இருக்கிறது என்றார். பின்னால் வந்தவர்களில் ஒருவருக்கு மாடு கட்ட வேண்டியிருந்தது, ஒருவருக்கு மோட்டார் போட வேண்டியிருந்தது. சங்குக்காரர் சங்கைத் துண்டில் சுற்றிக்கொண்டார். சிவனைந்தான் தன் மூலையைப் பிடித்தபடி தனியாக நின்றார். ரொம்ப நேரம் கழித்து அவர் மட்டும்தான் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். பார்த்துவிட்டு, தம்பியை வைகிற மாதிரி, “எங்கதாம்ல இருக்க?” என்றார். பாடையைக் கருவேலத்தின் நிழலில் இழுத்து வைத்துவிட்டு அவரும் வந்தார்.

பெண்கள் பார்த்தபோது ஆண்கள் தெருவில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தலை காய்ந்திருந்தது, வேட்டி காய்ந்திருந்தது.

“குளிக்காம வாறாங்க” என்றாள் மாடத்தி.

“ஏன் குளிக்கல?” என்று ஒருத்தி வாசலுக்குப் போய்க் கேட்டாள்.

முப்புடாதி நின்றார். சிவகிரி மாப்பிள்ளை மாமனாரைத் தேடித் தெருமுனையில் வந்து நின்றிருந்தான், அவனுக்கும் கேட்கும். முப்புடாதி அவனைப் பார்த்தார், ஆவுடையைப் பார்த்தார்.

“காத்தாடி சுத்துதுல்லா” என்றார். “சுத்தும்போது எப்படிக் கொண்டுபோக?”

மாப்பிள்ளை மேற்கே பார்த்தான். அன்றைக்கு நின்றது ரிப்பேர் என்று சொன்னார்களே என்று அவன் யோசித்திருக்கலாம், யோசிக்காமலும் இருந்திருக்கலாம். சுபிதா தன் வீட்டுக்குள்ளேயிருந்து வந்து அவன் பக்கத்தில் நின்று, அவனோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தாள். “நல்லா சுத்துது” என்றான் அவன். “வாங்க மாமா, காப்பி ஆறுது.” அவ்வளவுதான் அவன் கேட்டது, அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

ஆவுடை தாலியைச் சேலைக்குள் விட்டுக்கொண்டு எழுந்தாள். “எந்திரிங்க எல்லாரும். அடுப்பு பத்த வைக்கணும்” என்றாள். செம்பிலிருந்த பாலில் காப்பி போட்டாள், இருந்தவர்களுக்கெல்லாம் வந்தது. மாடத்தி வாங்கிக் குடித்துவிட்டு, “கோவக்காரருதான்” என்று பொதுவாகச் சொன்னாள்.

பொழுது சாய ஆடுகள் தானாகத் திரும்பி வந்தன. கருவேலத்து நிழலில் வாழைத்தண்டு கிடைத்ததை அவை விடவில்லை. வயிறு இரண்டு பக்கமும் தள்ளியிருந்தது, குத்தாலிங்கத்தில் மிச்சம் இருந்தமாதிரி தெரியவில்லை. கடைசியாக வந்த வெள்ளாட்டின் வாயில் சரிகைவேட்டி தொங்கியது. ஆவுடை அதன் கழுத்தை முழங்காலில் இடுக்கிக்கொண்டு, வைதுகொண்டே, வேட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தாள். ஓரத்தில் ஒரு முழம் கடிபட்டிருந்தது. அலசிக் கொடியில் போட்டாள், அடிக்கிற காற்றில் அது உடனே காய்ந்துவிட்டது. ஊசியில் நூல் கோத்து வாசலில் உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே, அவள் அந்தக் கிழிசலைத் தைத்து முடித்தாள். அவன் வந்தால் கட்டுவதற்கு வீட்டில் வேறு நல்ல வேட்டி இல்லை.